வேடந்தாங்கலில் ஒரு ஜாமீன் கையெழுத்து

வேடந்தாங்கலில் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்காது. ஊர்க்காரர்களைக் கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரியில் குடியிருக்கும் பறவைகள் பயந்துவிடுமே என்கிற கரிசனம்! அதில் கொஞ்சம் விவசாயக் கணக்கும் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமாகிவிடுகிறது. காசு வாங்காமல் உரம் போடுகிற விருந்தாளியை யாராவது விரட்டுவார்களா? 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம், இந்தப் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை எழுத்து மூலமாக வாங்கி வைத்துவிட்டார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்துவிட்டது.

இத்தனை பந்தோபஸ்தான ஊருக்கு 2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தோளில் இரண்டு காமிரா. ஒன்று என்னுடைய பழைய கேனன் 80டி. டி.எஸ்.எல்.ஆர். ஜாதியைச் சேர்ந்தது. இன்னொன்று ஒரு நாள் வாடகைக்கு எடுத்த கேனன் ஆர்7. 'மிரர்லெஸ்' என்கிறார்களே, அது. பைக்கின் பின் ஸீட்டில் எங்கள் செக்ஷன் சூப்பரின்டென்டென்ட்.

அவர் ஏன் வந்தார் என்று சொல்லவேண்டும். புதுக் காமிரா, புது லென்ஸ் எல்லாம் சேர்த்து மூன்று மாதச் சம்பளத்துக்கு எஸ்டிமேட் போட்டிருந்தேன். ஆபீஸ் சொஸைட்டியில்தான் லோன். ஜாமீன் கையெழுத்துக்கு அவரிடம் பேப்பரை நீட்டினால், "தம்பி, பார்க்காத பொருளுக்கு நான் கையெழுத்துப் போடறதில்லே" என்றுவிட்டார். ரிடையராக இரண்டு வருஷம் இருக்கிற மனுஷர். பயம் நியாயமானதுதானே?

ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பினால் இரு பக்கமும் பச்சை. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்ந்தோம். காமிராவுக்குத் தனி டிக்கெட். "ரெண்டு காமிராவுக்கு ரெண்டு டிக்கெட்டா? இதுவும் லோன்ல சேருமா?" என்று ஆரம்பித்தார் ஜாமீன்தார்.

ஏரி மொத்தமே சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் முழங்கால் நனைய நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம்... சண்டை, சமாதானம், குழந்தைகளின் பசிக் கூச்சல். திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் தோற்றது!

"கண்ணாடி இல்லாத காமிரான்னா, லென்ஸே கிடையாதா?"

"லென்ஸ் இருக்கு ஸார். உள்ளே இருக்கிற முகம் பார்க்கிற கண்ணாடிதான் இல்லே."

டி.எஸ்.எல்.ஆருக்குள் ஒரு கண்ணாடி 45 டிகிரி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை மேலே அனுப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அமுக்கியதும் கண்ணாடி மேலே எகிறும், வெளிச்சம் சென்ஸாரில் விழும், மறுபடி கண்ணாடி கீழே இறங்கும். 'டக்' என்ற அந்தச் சத்தத்தில் பாதி இந்த வேலைதான். மிரர்லெஸ்ஸில் இந்தச் சிரமமே இல்லை. சென்ஸார் தான் பார்ப்பதை நேராக வ்யூ ஃபைண்டருக்குள் இருக்கும் குட்டி டி.வி.யில் காட்டிவிடுகிறது.

இதனால் லாபம் என்ன? மூன்றை அன்றைக்கே பார்த்தோம். முதலாவது, வெளிச்சம். காலை வெயிலில் வெள்ளை நாரையை எடுத்தால் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துவிடுகிற ஆபத்து உண்டு. மிரர்லெஸ்ஸில் படம் எப்படி வரப்போகிறது என்பது அமுக்குவதற்கு முன்பே தெரிகிறது. அங்கேயே குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஃபோகஸ். பறவையின் கண்ணைத் தேடிப்பிடித்து ஒரு சின்னக் கட்டம் ஒட்டிக்கொள்கிறது. நாரை தலையைத் திருப்பினால் கட்டமும் திரும்புகிறது. சூப்பரின்டென்டென்டிடம் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாரையின் கண்ணை 'ஷார்ப்'பாக எடுத்தார். முகத்தில் ஒரு பிரமோஷன் களை!

மூன்றாவது, மௌனம். எலெக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தால் ஓசையே கிடையாது. வெடியே வெடிக்காத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான காமிரா உண்டா?

கொஞ்சம் பொறுங்கள். கழித்தல் கணக்கும் இருக்கிறது. சென்ஸார் படத்தை மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை வரிசையாகப் படிக்கிறது. வேகமான சென்ஸார் உள்ள விலையுயர்ந்த மாடல்களைத் தவிர மற்றதில், படித்து முடிப்பதற்குள் அடிக்கிற இறக்கை இடம் மாறி, படத்தில் வளைந்துபோகலாம். ஆகவே உட்கார்ந்த பறவைக்கு ஓசையில்லாத ஷட்டர், பறக்கிற பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டர்.

அடுத்தது பாட்டரி. குட்டி டி.வி. ஓடிக்கொண்டே இருந்தால் கரன்ட் எங்கிருந்து வரும்? ஜப்பான் காமிரா கம்பெனிகளின் சங்கம் வகுத்த ஒரே அளவுகோலில் நிகான் டி750-க்கு ஒரு சார்ஜில் 1,230 படம், 2018-ல் வந்த மிரர்லெஸ் இசட்6-க்கு 310 படம். நடைமுறையில் கூடவே கிடைக்கும் என்றாலும், பையில் இன்னொரு பாட்டரி கட்டாயம். என் 80டி-யின் பாட்டரி ஆர்7-க்கும் பொருந்தியதில் சூப்பரின்டென்டென்டுக்கு ஏக திருப்தி.

கடைசியில் வந்தது முக்கியமான கேள்வி. "அப்போ உன் பழைய லென்ஸை என்ன பண்ணுவே?"

மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. என்னிடம் இருப்பது 1993-ல் அறிமுகமான 400 எம்.எம். எஃப்5.6 லென்ஸ். செகண்ட் ஹாண்ட். ஒன்றேகால் கிலோ. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி அதில் கிடையாது. பழைய காமிராவில் லென்ஸுக்கும் சென்ஸாருக்கும் நடுவே கண்ணாடி எகிற இடம் வேண்டும் என்பதால் 44 மில்லிமீட்டர் தூரம். புதியதில் 20 போதும். மிச்சம் 24 மில்லிமீட்டரை ஒரு வளையத்தைப் போட்டு நிரப்பினால் பழைய லென்ஸ் உட்கார்ந்துகொள்கிறது. வளையத்துக்குள் லென்ஸ் கிடையாது என்பதால் படம் கெடாது. ஆட்டோஃபோகஸும் வேலை செய்கிறது. அதற்கும் மேலே, ஆர்7-ன் சென்ஸாரே நடுக்கத்துக்கு ஈடுகொடுப்பதால் கிழட்டு லென்ஸுக்குப் புது வாலிபம்!

ஆக, புது லென்ஸ் தேவையில்லை. பாடியும் வளையமும் போதும். பழைய பாடியை விற்கிற காசையும் கழித்தால் மூன்று மாதச் சம்பளம் ஒன்றரை மாதமாகச் சுருங்கியது. ஏரிக்கரையிலேயே, பைக் ஸீட்டில் பேப்பரை வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். காமிராவோடு வந்த சின்ன லென்ஸ் மட்டும்தான் உங்களிடம் இருக்கிறதா? எந்தக் கம்பெனிக்கும் தாவலாம், நஷ்டமில்லை. நிகானின் பழைய 'டி' வகை லென்ஸ்கள் நிறைய வைத்திருக்கிறீர்களா? அவற்றுக்கு ஃபோகஸ் மோட்டார் காமிரா பாடிக்குள் இருக்கவேண்டும். நிகானின் சொந்த வளையத்தில் அந்த மோட்டார் இல்லை. போட்டால் கையால்தான் ஃபோகஸ் திருப்பவேண்டும். வீட்டு விசேஷங்களை மட்டும் எடுக்கிறீர்களா? டி.எஸ்.எல்.ஆரே தாராளம். கேனனும் நிகானும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் விடவில்லை என்பது வாஸ்தவம். அதற்காகக் கையில் இருக்கிற காமிரா படம் எடுப்பதை நிறுத்திவிடாது.

எதுவானாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வழக்கமாகப் படம் எடுக்கிற இடத்துக்கே உங்கள் லென்ஸோடு கொண்டுபோங்கள். கடை விளக்கில் எல்லாக் காமிராவும் அழகுதான். முடிந்தால் ஜாமீன்தாரையும் கூட்டிப்போங்கள். நம்மைவிட அவர்தான் நிதானமாகப் பார்ப்பார்.