ஹோய் ஆனில் எட்டு நாள்

முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தாய் அண்மையில் என்னிடம் யோசனை கேட்டார். சுவிற்சர்லாந்தில் இருக்கும் மகளுக்கு இங்கே வர இன்னும் மனம் வரவில்லை. "நடுவில் எங்கேயாவது சந்திப்போம் அம்மா. கடல், நல்ல சாப்பாடு, பார்க்க நாலு இடம். ஒரு கிழமை சும்மா இருப்போம்" என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். தாய்க்கும் ஆசைதான். ஆனால் மகன் 2009இல் காணாமற்போனவன். "அவன்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு வெயிலுக்கை நிக்கிற நான், கடற்கரையில காலை நீட்டிக்கொண்டு இருந்தால் சனம் என்ன சொல்லும், பிள்ளை?" என்று கேட்டார்.

சனம் ஏதாவது சொல்லும்தான். எங்கள் பெண்கள் பயணம் செய்யாதவர்கள் அல்லர். இடப்பெயர்வு, முகாம், தடுப்பில் இருந்தவரைப் பார்க்க நாள் முழுக்க பஸ், ஆணைக்குழு, வைத்தியசாலை என்று அலைந்தவர்கள். இவற்றில் ஒன்றுகூட ஓய்வுக்காகப் போனதல்ல. கோயில் யாத்திரைக்குப் போகும் பெண்ணை ஊர் ஏற்றுக்கொள்கிறது. களைப்பாற எண்ணிப் போகிறேன் என்பவளைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறது. தேடுதல் நீண்டுகொண்டே போகும்போது தேடுகிறவரின் உடம்பும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதை உளவளத்துணை வேலையில் நாளும் காண்கிறோம். ஆகவே நான் அவருக்கு "போங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு, இருவருமாக ஒரு கொப்பியில் திட்டம் எழுதத் தொடங்கினோம்.

நான் சொன்ன இடம் மத்திய வியட்நாமில் உள்ள ஹோய் ஆன். ஒரு பயிற்சிக்காக 2024 மார்ச்சில் அங்கே ஒரு கிழமை தங்கியிருக்கிறேன். தாய்லாந்தின் பெரிய கடற்கரை ஊர்களோடு பார்த்தால் இது சிறிய ஊர். கடல் நாலைந்து கிலோமீற்றர் தூரம். பழைய நகருக்குள் பெரும்பாலான நேரம் மோட்டார் வாகனங்களை விடமாட்டார்கள். நடக்கலாம், துவிச்சக்கரவண்டியில் போகலாம். முழங்கால் நோவுள்ள தாயோடு போகும் மகளுக்கு இது பெரிய விடயம்.

கொழும்பிலிருந்து பாங்கொக், கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் மாறி டா நாங் நகரத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஹோய் ஆன் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வியட்நாம் 2023 ஓகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையான இணையவழி விசா கொடுக்கிறது. ஒரு தடவை நுழைவதற்குக் கட்டணம் 25 டொலர். அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதைப்போலவே தோன்றும் தரகர் தளங்கள் கூடுதலாகக் காசு அறவிடுகின்றன. பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுதவேண்டும். எங்கள் பெண்களுக்குத் தகப்பன் பெயர், கணவன் பெயர் என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காலம் பார்த்துப் போவது முக்கியம். செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை அங்கே மழை. ஒக்டோபர், நவம்பரில் து போன் ஆறு பெருகிப் பழைய நகரத்துக்குள்ளேயே வந்துவிடும். 2025 ஒக்டோபர் இறுதியில் தெருக்களில் வள்ளம் ஓடியது. பெப்ரவரிக்குப் பின் ஓகஸ்ட் வரை காய்ந்த காலம். ஆனால் தெத் எனப்படும் அவர்களுடைய புதுவருடம் ஜனவரி இறுதியிலோ பெப்ரவரியிலோ வரும். அந்த நாட்களில் கடைகள் பூட்டு, வாகனங்களில் இடமில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் டா நாங்கில் வாணவேடிக்கைப் போட்டி நடக்கிறது. சுற்றுலா விளம்பரங்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டியது என்கின்றன. செல் விழுந்த சத்தத்தில் வாழ்ந்தவர்களுக்கு, பார்க்கவேண்டாம் என்று நான் சொல்வேன். விழாக்களில் இப்படி வாண வேடிக்கை வைத்தாலும், வீட்டுக்கு வீடு சீனவெடி கொளுத்துவதை வியட்நாம் 1995 முதல் தடைசெய்துவிட்டது. ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஹோய் ஆன் இரவுகள் அமைதியானவை. தாய்க்கு மார்ச் என்று முடிவுசெய்தோம்.

அறை எடுக்கும்போது இன்னொன்று. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு கடலை நேரே பார்க்கமுடியாதவர்கள் எங்களிடையே பலர். விடுதிக்காரர் 'கடல் தெரியும் அறை' என்று கூடுதல் விலை சொல்வார். வேண்டாம். ஆற்றுப் பக்கமோ வயல் பக்கமோ அறை எடுங்கள், விலையும் குறைவு. மனம் வரும் நாளில் கடலுக்குப் போகலாம்.

அன் பாங் என்பது ஹோய் ஆனுக்குக் கிட்டிய கடற்கரை. டா நாங்கில் உள்ளது மீ கே, நீண்ட வெண்மணல். எங்கள் பெண்கள் கூச்சப்படும் உடுப்பு விடயத்தில் இங்கே கவலையில்லை. உள்ளூர்ப் பெண்கள் வெயிலுக்குப் பயந்து கைநீளச் சட்டை, தொப்பி, முகமூடி எல்லாம் போட்டபடிதான் கடற்கரைக்கே வருகிறார்கள். விடியப்புறம் ஐந்து மணிக்கு வயதான அம்மாமார் கூட்டமாக உடற்பயிற்சி செய்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்தேன். சிரிப்பும் சத்தமுமாக ஒருவர் முதுகில் ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எழுபதைத் தாண்டியவர்களுக்குக் குமர் வயதில் இதே மணல் வேறு மாதிரி இருந்திருக்கும். 1965 மார்ச் 8ஆம் திகதி அமெரிக்க மரைன் படை டா நாங்கில்தான் கரையிறங்கியது. மீ கே பக்கத்துக் கடற்கரை அமெரிக்கச் சிப்பாய்கள் களைப்பாறும் இடமாயிற்று. அவர்கள் அதைச் 'சைனா பீச்' என்றார்கள். நாம் இறங்கும் விமான நிலையமும் அவர்களுடைய விமானத்தளமாக இருந்ததுதான். அங்கே வைத்திருந்த 'ஏஜன்ட் ஒரேஞ்' என்ற இரசாயனம் ஊறிய மண்ணைச் சுத்திகரிக்கும் வேலை 2012இல் தொடங்கி 2018இல்தான் முடிந்தது. யுத்தம் முடிந்ததோ 1975இல்.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் முழுப் பக்கமும் போய்விடும். அரிசிதான் அடிப்படை என்பதால் வயிறு அந்நியப்படாது. 'பான் சேயோ' என்பது அரிசிமாவும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மொறுமொறுப்பாகச் சுட்டு, இறாலும் பயற்றம் முளையும் வைத்து மடிப்பது. எங்கள் தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. 'புன்' என்பது இடியப்பத்தைக் குழைவாகச் செய்ததுபோல. 'வெள்ளை றோஜா' என்று பெயர் வைத்திருக்கும் இறால் பலகாரம் மெல்லிய கொழுக்கட்டை. 'செ' என்பது பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்பு. பாயாசம் என்று கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பாணைப் பிளந்து, இறைச்சியும் இலைகளும் வைத்துத் தருவது 'பான் மீ'. ஹோய் ஆனுக்கே உரியது 'காவ் லாவ்', தடித்த அரிசி நூடில்ஸ். பழைய பா லே கிணற்றுத் தண்ணீரில் செய்தால்தான் சரிவரும் என்கிறார்கள். நல்ல தண்ணீர்க் கிணற்றின் பெருமை எங்கள் பக்கத்துக்குத் தெரியாததா?

மரக்கறிக்காரர் 'சாய்' என்ற ஒரு சொல்லைப் படித்துக்கொள்ள வேண்டும். அது சைவச் சாப்பாட்டைக் குறிக்கும். மீன்சாறு எல்லாவற்றிலும் இருப்பதால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பூரணையும் பௌத்தர் பலர் சைவம் உண்பதால், அந்த நாட்களில் சைவக்கடைகள் நிறைந்திருக்கும்.

பழைய நகரம் 15ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை துறைமுகமாக இருந்தது. ஆறு மணல் மேவ, கப்பல்கள் டா நாங்குக்குப் போய்விட்டன. வியாபாரம் போனதால் யாரும் இடித்துக் கட்டவில்லை. யுத்தமும் பெரிதாகத் தீண்டவில்லை. 1999இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. யப்பானியப் பாலம் நான் போனபோது திருத்த வேலைக்காக மூடியிருந்தது. 2024 ஓகஸ்டில் திறந்துவிட்டார்கள். அந்தப் பாலத்தின் படம் இருபதாயிரம் டொங் தாளில் இருக்கிறது. இருபதாயிரமும் ஐந்து இலட்சமும் இரண்டும் நீலத் தாள்கள். இருட்டில் மாறிக் கொடுத்துவிட்டால் அதோடு போச்சு. இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள்.

ஒரு நாள் மீ சோனுக்குப் போகலாம், 40 கிலோமீற்றர் அளவில். சம்பா அரசர் 4ஆம் நூற்றாண்டு தொடக்கம் கட்டிய செங்கற் சிவன் கோயில்கள் மலைகளுக்கு நடுவே இருக்கின்றன. எழுபதுக்கும் மேற்பட்டவை இருந்தன. 1969 ஓகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டுபோட்டதில் பல தரைமட்டமாயின. யுத்தம் முடிந்தபின் சுற்றிவரக் கண்ணிவெடி அகற்றும்போதும் உயிர்கள் போயின. போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் கசிமியெர்ஸ் குவியட்கோவ்ஸ்கி 1980களில் வந்து பல வருடம் அங்கே உழைத்தார். அண்மையில் இந்தியத் தொல்லியல் துறை திருத்த வேலை செய்தபோது, 2020 மே மாதத்தில் 9ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று முழுமையாக வெளிவந்தது. வெயிலுக்கு முன் காலையிலே போங்கள். குண்டுக் குழிகள் இன்னும் தெரிகின்றன. பாதையை விட்டு இறங்கவேண்டாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெற்கே தாம் கீ என்ற ஊரில் 2015இல் திறந்த பெரிய தாய்ச் சிலை ஒன்று உண்டு. ஒன்பது மகன்மாரையும் ஒரு மருமகனையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் இழந்த ங்குயென் தி தூ என்ற தாயை வைத்துச் செய்தது. அவர் 2010இல் காலமானார். 'வீரத்தாய்' என்ற பட்டம் வென்ற பக்கத்துத் தாய்மாருக்கு உரியது. தோற்ற பக்கத்துப் படையில் பிள்ளையைக் கொடுத்த தாயும் அதே மாகாணத்தில்தான் அழுதிருப்பாள்; அவளுக்குப் பட்டமும் இல்லை, சிலையும் இல்லை. இதைத் தாயிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கை போகவேண்டாம் பிள்ளை, இந்த முறை" என்றார். கொப்பியில் அந்தப் பக்கத்தை வெட்டினோம். யுத்த அருங்காட்சியகங்களுக்கும் அதே முடிவு. ஓய்வுக்குப் போகிறவர் எல்லாத் துயரத்தையும் போய்ப் பார்க்கும் கடமை உள்ளவர் அல்லர்.

அதற்குப் பதிலாக இரண்டு நாள் வெறுமையாக விட்டோம். விருப்பமானால் சா குவே என்ற மரக்கறித் தோட்டக் கிராமத்துக்குச் சைக்கிளில் போகலாம். பெண்கள் பாத்திக்குப் பாசி போட்டுக் கீரை வளர்க்கும் ஊர். நிப்பா என்ற நீர்த்தென்னைக் காட்டுக்குள் கடகம் போன்ற வட்ட வள்ளத்தில் ஓடுவதும் உண்டு, ஆனால் அங்கே ஒலிபெருக்கிப் பாட்டு காதைக் கிழிக்கிறது.

தையற்கடைகளை மட்டும் முதல் நாளே பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. காலையில் அளவு கொடுத்தால் அடுத்த நாள் போட்டுப்பார்த்து, மூன்றாம் நாள் திருத்தி எடுக்கலாம். கடைசி நாளில் கொடுத்தால் திருத்த நேரமிராது. எங்கள் பக்கத்தில் யுத்தம் முடிந்தபின் வாழ்வாதாரம் என்றால் தையல் இயந்திரம்தான். பல வீடுகளில் அது துணி போட்டு மூடிக் கிடக்கிறது, ஏனென்றால் இயந்திரம் கொடுத்தவர் வாங்குகிறவரைக் கொண்டுவரவில்லை. ஹோய் ஆனில் உடுப்புத் தேவைப்பட்டு யாரும் வருவதில்லை. இரண்டு மூன்று இரவு தங்குகிறவர்கள் என்பதால் தைக்கவும் கொடுக்கிறார்கள். தாயும் தையல் தெரிந்தவர். மகளுக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, கையை எப்படி வெட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று கொப்பியின் கடைசி வரியாகத் தானே எழுதிக்கொண்டார்.