கடைக் கணினியும் இன்காக்னிட்டோவும்

பிரவுசர் திறக்கும்போதே இன்காக்னிட்டோ ஜன்னலாகத் திறக்கும் ஏற்பாடு வீட்டுக் கணினியைவிட ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்து ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும்தான் அதிகம் தேவைப்படுகிறது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், இ-ஆதார், வில்லங்கச் சான்று என்று ஊரார் காரியமெல்லாம் அங்கே ஒரே கீபோர்டில் நடக்கிறது. சாதாரண ஜன்னலில் முன்பு உட்கார்ந்தவரின் ஜிமெயில் திறந்தபடியே கிடக்கும். முகவரிப் பட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினால் அவர் போன தளங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

விண்டோஸில் குரோம் ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸுக்குப் போக வேண்டும். டார்கெட் பெட்டியில் உள்ள வரியின் கடைசியில், மேற்கோள் குறிக்கு வெளியே, ஓர் இடைவெளி விட்டு இரண்டு சிறு கோடுகள் போட்டு, ஒட்டினாற்போல் இன்காக்னிட்டோ என்று ஆங்கிலத்தில் அடித்தால் போதும். எட்ஜில் அதே இடத்தில் இன்பிரைவேட். பயர்பாக்ஸில் இந்த வேலையே இல்லை. பிரைவசி அமைப்பில் வரலாற்றை எப்போதும் சேமிக்காதே என்று தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. ஷார்ட்கட் வழி அந்த ஒரு ஐகானுக்கு மட்டுமே செல்லும். டாஸ்க்பாரில் இருக்கும் ஐகானைச் சொடுக்கினால் பழைய கதைதான். குரோமில் இன்காக்னிட்டோவைக் கட்டாயமாக்கும் பாலிசி ஒன்றும் உண்டு. பத்துப் பேர் கை படும் கணினிக்கு அதுவே சரி.

இவ்வளவு செய்த பிறகும் முக்கியமான வேலை பாக்கி இருக்கிறது. இன்காக்னிட்டோ தடத்தை அழிப்பது அதன் ஜன்னல்கள் எல்லாம் மூடப்பட்ட பிறகுதான். அவசரத்தில் மினிமைஸ் செய்துவிட்டு எழுந்தால், அடுத்தவர் அதே லாகினில் உட்காருவார். டவுன்லோடு ஆன கோப்போ ஜன்னலை மூடினாலும் போகாது. இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். பிரிண்ட் எடுக்கக் கடைக்காரர் கேட்பார், வாடிக்கையாளர் பின்னால் நிற்பவர்கள் காதிலும் விழும்படி சொல்வார். பிரிண்ட் வந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அதை நீக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

சட்டம் வேறு திசையில் இழுக்கிறது. 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள், வந்தவரின் அடையாள விவரத்தையும் அவர் பார்த்த தளங்களின் பதிவையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. ஆகவே பிரவுசர் மறந்தாலும் கடை மறக்கக் கூடாது. போன தளமும் இணைய நிறுவனமும் எப்படியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. இன்காக்னிட்டோவிலும் தகவல் திரட்டியதாக 2020-இல் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், அப்படிச் சேர்ந்த பதிவுகளை அழிக்க கூகுள் 2024-இல் ஒப்புக்கொண்டது.

ஒருவர் மட்டுமே புழங்கும் வீட்டுக் கணினியில் இந்த ஏற்பாடு தொல்லை. திறக்கும்போதெல்லாம் லாகின், ஓடிபி. அங்கே வேண்டியபோது மட்டும் குரோமிலோ எட்ஜிலோ கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடு என் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் போதும்.