மைசூரில் ஒரு செடிநூல் அறிஞர்

மைசூருக்குச் செல்லும் நம்மவர் அரண்மனையைக் கண்டு வியப்பர்; சாமுண்டி மலையேறி வணங்குவர்; மல்லிகையும் மைசூர்ப்பாகும் வாங்கித் திரும்புவர். குக்கரஹள்ளி ஏரிப்பக்கம் சென்றால் மானசகங்கோத்ரி என்னும் பல்கலைக்கழக வளாகம் உண்டு. அதனையும் ஒருமுறை கண்டு வருதல் தகும். தாவர நூலறிஞர் பி.ஜி.எல். சுவாமி தம் இறுதிக் காலத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய இடம் அது.

கன்னட அறிஞர் டி.வி. குண்டப்பாவின் மைந்தராகிய சுவாமி, அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இர்விங் பெய்லியுடன் கூடி ஆராய்ந்தார். பூக்கும் செடிகளுள் மூத்த குடி எது என்பதே அவர்கள் முன்னிருந்த வினா. பெரும்பாலான பூச்செடிகளின் கட்டையில் நீர் ஏறுவதற்கு அகன்ற குழாய்கள் உண்டு. தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களில் அவை இல்லை. முனை மூடிய நுண்ணறைகளின் வழியே நீர் ஊடுருவி ஏறும். பூச்செடி ஒன்றிலும் குழாய் இல்லையெனில், அது பழமையின் சுவடாகலாம் என்று அவர்கள் கருதினர்.

பசிபிக் கடலில் நியூ கலிடோனியாத் தீவில் மட்டுமே இயற்கையாக வளர்வது அம்பொரெல்லா. அது குழாயற்ற புதியதோர் அமைப்புடையது என்று 1948இல் இருவரும் எழுதினர். 1999இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சிகள், இன்றுள்ள பூச்செடிகளின் பெருங்குடும்பத்திலிருந்து முதலில் பிரிந்த கிளை அதுவே என்று காட்டின.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் சீனம், ஜப்பான் நாடுகளிலும் காணப்படும் சார்கண்ட்ரா இனமும் குழாயற்றது என்று 1950இல் உரைத்தனர். ஆனால் வேர் வேறு கதை சொல்லிற்று! 1987இல் கார்ல்குவிஸ்ட் என்பார் அதன் வேர்க்கட்டையில் குழாய்களைக் கண்டார். முன்னைய கூற்று திருத்தம் பெற்றது. அறிவு வளரும் நெறி அதுவன்றோ?

ஹார்வர்டிலிருந்து திரும்பியபின் சுவாமி சென்னை மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்து, அதன் முதல்வராகவும் விளங்கினார். மாணவருடன் மலைக்காடுகளில் செடி தேடி அலைந்த அனுபவங்களைக் கூறும் அவரது கன்னட நூல் 'ஹசிரு ஹொன்னு' 1978இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 1980இல் அவர் மறைந்தார்.

ஒரு செடி இன்று நிற்கும் மண்ணைக் கொண்டே அதன் குலத்தை அறிந்துவிட இயலாது. உள்ளமைப்பையும் ஆராய வேண்டும். தாய்நாட்டை விட்டு அயல்மண்ணில் வேர்கொண்ட நம் இல்லங்களுக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். அடுத்த விடுமுறையில் மைசூர் செல்லும் அன்பர்கள், அரண்மனை கண்டபின் தம் மக்களை மானசகங்கோத்ரிக்கும் அழைத்துச் சென்று இக்கதையைக் கூறுவார்களாக.