அம்மாவின் உமல்

குசினிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. வீட்டுக்கு எத்தனையோ தரம் வெள்ளையடித்தாயிற்று. அதைப் பிடுங்க நான் விடவில்லை. அம்மா உமல் தொங்கவிட்ட ஆணி அது.

உமலைக் காணாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பனையின் சார்வோலையில் இழைத்த பை, இரண்டு கைபிடிகளோடு. மீன் வாங்க அதைத்தான் கொண்டுபோவோம். மீன் தண்ணீர் ஓலை இடுக்குகளால் வடிந்துவிடும், காற்றும் படும், வெயிலில் நடந்து வந்தாலும் மீன் அவிந்துபோகாது. கிணற்றடியில் அலசி வேலியில் போட்டால் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். அடி தேய்ந்து கிழிந்தால் தென்னைக்குக் கீழே தாட்டுவோம். இரண்டு மாரி போனால் எங்கே தாட்டோம் என்று எங்களுக்கே தெரியாது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, சூடை மீன் வாங்கி வரச்சொல்லி அம்மா காசு தந்தா. காசைப் பொத்திக்கொண்டு படலையைத் திறந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "வெறுங்கையோட எங்க போறாய் பிள்ளை?" திரும்பி வந்து உமலை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கேள்வியைப் பிறகும் எத்தனை நூறு தரம் கேட்டிருப்பா!

அப்போது எதை வாங்கப் போனாலும் பயணம் எங்கள் குசினிக்குள் இருந்துதான் தொடங்கும். நல்லெண்ணெய்க்குப் போத்தல், பாலுக்குச் செம்பு, சங்கக்கடையில் கூப்பன் அரிசி எடுக்க அப்பாவின் பழைய சாரத்தில் தைத்த பை. கடைக்காரர் தருவது சாமான் மட்டும்தான். பருப்பும் சீனியும் கடதாசிச் சரையில் வரும். சரை கட்டிய நூலையும் அம்மா உருண்டையாகச் சுற்றி வைப்பா. எருமைத் தயிர் கிண்ணியாவிலிருந்து மண் முட்டியில் வரும். கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல்தான். அதற்கு முன்னர் 'பாதை'யில்தான் கடக்க வேண்டும். எங்களூரில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. தயிர் முடிந்த முட்டி ஒன்று மல்லிகைக் கன்றுக்கு, இன்னொன்று குருவிகள் தண்ணீர் குடிக்க. எதுவும் எங்கள் வளவைத் தாண்டிக் குப்பையாகப் போனதாக எனக்கு நினைவில்லை.

உமல் கொண்டுவருவது சம்பூர் ஆச்சி. கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர் லோஞ்சில் வந்து இறங்குவா. தலையில் ஓலைப் பெட்டிகள், கடகங்கள், நீத்துப் பெட்டிகள். குருத்தோலை வெட்டி, காயவைத்து, வார்ந்து, இழைத்து முடிக்க எத்தனை நாள் என்று திண்ணையில் இருந்து சொல்லுவா; அம்மா தேத்தண்ணி கொடுப்பா. ஒருமுறை எனக்கென்று சின்னதாக ஓர் உமல் கொண்டு வந்தா. "உன்ர கைக்கு அளவாப் பிடி போட்டிருக்கிறன், மோனை." என் கைக்கு அளவெடுத்துச் செய்த பொருள் என்று வாழ்க்கையில் எனக்கு வாய்த்தது அது ஒன்றுதான்.

நாங்கள் அப்படி வாழ்ந்தது இல்லாமையால் வந்த சிக்கனம் என்று என் மகன் சொல்வான். அவன் சொல்வதிலும் உண்மை உண்டு. 1970இலிருந்து 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கு விடியமுன் வரிசை, துணிக்கும் கூப்பன். அந்தப் பஞ்சத்துக்காக நான் ஏங்கவில்லை. அம்மா எங்களுக்குப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் இருந்த இரவுகளை நான் கண்டவள். ஆனால் 1977க்குப் பிறகு சந்தை திறந்தது, வெளிநாட்டுச் சாமான் குவிந்தது, பின்னால் பொலித்தீன் சொப்பிங் பையும் வந்தது. இல்லாமை மட்டுமே காரணம் என்றால் அம்மா அன்றைக்கே உமலை விட்டிருக்க வேண்டும். அவ விடவில்லை. மீன்காரர் நீட்டிய பையைத் தள்ளிவிட்டு, கண்ணை மூடும்வரைக்கும் உமலோடுதான் போனா.

விட்டது நான். கந்தோரில் வேலை கிடைத்தது. வேலை முடிந்து நேரே சந்தைக்குப் போனேன். கையில் உமல் இல்லை. "அக்கா, பையில போட்டுத் தாறன்" என்றார் மீன்காரர். அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு கிழமைக்குள் அது வழக்கமாகிவிட்டது. காலையில் கந்தோர்ப் பையில் ஒரு மடிப்புப் பையை வைத்திருந்தால் முடிந்திருக்கும் காரியம். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது.

அந்தப் பைகள் எங்கே போயின என்று எங்களூர் மான்களுக்குத் தெரியும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். பட்டின வீதிகளிலும் திரியும். ஒரு நாள் காலை கோட்டை வாசலில் ஒரு பெண் மான் சொப்பிங் பையை மென்றுகொண்டு நின்றது. சோற்று மணம் இருந்திருக்கும். பாதி வாய்க்குள் போய்விட்டது. கிட்டப் போனேன், விழுங்கிவிட்டு விலகிப் போனது. அசைபோடும் மிருகத்தின் வயிற்றில் பொலித்தீன் செரிக்காது, எளிதில் வெளியேறாது. சேர்ந்து சேர்ந்து இரைப்பை நிறைந்துவிடும். வயிறு நிறைந்த மாதிரியே மெலிந்து சாகும். எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே, அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் தின்று எட்டு ஆண்டுகளில் 20 யானைகள்வரை இறந்ததாக 2022இல் செய்தி வந்தது.

சட்டங்கள் வராமலில்லை. 2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சோறு சுற்றும் லஞ்ச் சீற்றுக்கும் மெல்லிய பொலித்தீனுக்கும் தடை வந்தது. 2025 நவம்பரிலிருந்து கடைகளில் பைக்குக் காசு கொடுக்க வேண்டும். நல்ல சட்டம் என்றே சொல்வேன். ஆனால் காசு கொடுத்துப் பை வாங்குகிறவரும் வெறுங்கையோடுதான் போயிருக்கிறார்.

2022இல் எரிபொருளும் காஸும் இல்லாமற்போனபோது நாங்கள் விறகடுப்புக்குத் திரும்பினோம், சைக்கிளுக்குத் திரும்பினோம். வீதியில் அத்தனை சைக்கிள்களை நான் சின்ன வயதில்தான் கண்டிருந்தேன். வரிசை குறைந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. தட்டுப்பாடு பழக்கிய பழக்கம் தட்டுப்பாட்டோடு போய்விட்டது. அம்மாவுடையது போகவில்லையே, ஏன் என்று யோசிக்கிறேன். அவவுக்கு அந்த உமலை இழைத்த கை யாருடையது என்று தெரியும். அதனால்தான் போலும்.

அந்தக் கை இப்போது இல்லை. 2006இல் போர் வந்து சம்பூர் முழுதும் இடம்பெயர்ந்தது. ஆச்சி கிளிவெட்டி முகாமில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருமுறை போய்ப் பார்த்தேன். "பனை இல்லாத இடத்தில கை சும்மா கிடக்குது, மோனை" என்றா. ஊருக்குத் திரும்பாமலே முகாமில் கண்ணை மூடினா. சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதாக இருந்தார்கள். 2016இல் அதைக் கைவிட்டார்கள். அங்கே இப்போது சூரிய மின்சாரத் திட்டம், 2025 ஏப்ரலில் தொடங்கிவைத்தார்கள். கொட்டியாரக் குடாவில் கரிச் சாம்பல் படியாமல் தப்பியதில் எனக்குப் பெரிய நிம்மதி. வெயிலில் மின்சாரம் எடுக்கப்போகிற அந்த மண்ணில், வெயிலில் ஓலை காயவைத்த வளவுகளும் இருந்தன என்பதை யாராவது நினைக்க வேண்டும்.

இப்போது நான் சாரத் துணிப் பையோடு சந்தைக்குப் போகிறேன். மீனுக்கு மூடியுள்ள ஒரு பாத்திரம். மீன்காரர் முதலில் முகத்தைப் பார்த்தார். இப்போது என்னைக் கண்டதும் கையை நீட்டிப் பாத்திரத்தை வாங்கிவிடுகிறார். மருமகளும் போன மாதம் தானாகவே ஒரு பையை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆணி மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. சம்பூரிலோ மூதூர்ப் பக்கத்திலோ உமல் இழைக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். இரண்டு வேண்டும், எனக்கொன்று, மருமகளுக்கொன்று. அவளுடைய கை சின்னது, பிடியை அதற்கு அளவாகப் போட வேண்டும்.