ஆஷஸ் 2009

இன்னைக்கு கோவில்பதாகை வீட்டுப் பரணை ஒழிக்கும்போது ஒரு சிடி கிடைச்சுது.
மேல மார்க்கர்ல தம்பி கையெழுத்து: "ஆஷஸ் 2009".

அது ஒரு கிரிக்கெட் கம்ப்யூட்டர் கேம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ரெண்டு டீமுக்குத்தான் அதுல பிளேயர்களோட நிஜப் பேரு.
அதனால நம்ம இந்திய டீம் ஆளுங்க பேரையெல்லாம் தம்பி ராத்திரி முழுக்க ஒவ்வொரு எழுத்தா திருத்தினான்.

கேமைச் செஞ்சது மெல்போர்ன்ல இருந்த டிரான்ஸ்மிஷன் கேம்ஸ்.
1996ல ஐஆர் குருஸ்ங்கிற பேர்ல ஆரம்பிச்ச கம்பெனி. ஆஸ்திரேலிய ஃபுட்பால் கேமா போட்டு வளந்தவங்க.

ஆகஸ்ட் 2009ல கேம் வந்துச்சு.
அக்டோபர்ல கம்பெனியையே மூடிட்டாங்க.

நாங்க ஆவடியில சிடி வாங்கினப்போ, அதைச் செஞ்சவங்களுக்கு வேலையே இல்ல.
கவர் டிரைவுக்கு மணிக்கட்டு எப்படித் திரும்பணும்னு உக்காந்து செதுக்கின மனுஷங்க...
மனசு கனத்துப்போச்சு.

லேப்டாப்ல சிடி டிரைவ் இல்ல.
பக்கத்துல யார்கிட்டயாவது இருக்கா?