காணி பார்க்கும் மாதம்

நம்மவர் காணி பார்க்கப் புறப்படுவது பெரும்பாலும் கச்சான் காற்று வீசும் கோடையிலேயே. ஆனி, ஆடி மாதங்களில் திருக்கோணமலைப் பகுதியின் நிலம் வறண்டு கிடக்கும். பள்ளமும் மேடும் ஒன்றுபோலத் தோன்றும். விலை மலிவு என்று தரகர் சொல்ல, மகளுக்குச் சீதனமாக ஒரு துண்டு நிலம் வாங்கிவிடலாம் எனத் தந்தையின் நெஞ்சம் மகிழும். அந்நிலத்தின் உண்மை இயல்பை உரைக்கவல்லது கார்த்திகை மாதமே. ஆனால் கொட்டும் மாரியில் காணி பார்ப்பார் யார்?

கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்து வாழும் நமக்கு இவ்வினா சிறியதன்று. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலோடு கலப்பது இங்கேதான். மலைநாட்டில் மழை பெய்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதும் வெள்ளம் வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது வெருகல், மூதூர், கிண்ணியாப் பகுதிகளில் நீர் புகுந்தது. மாவிலாற்று அணைக்கட்டும் உடைந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நீரோரத்தில் கட்டடம் எழுப்புவதற்கு விதிகள் இல்லாமலில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றியது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என வகுத்தது. ஆறும் களப்பும் கடலோடு கூடும் இடங்களிலோ அவ்வெல்லையை 2 கிலோமீற்றர் வரை உள்ளே நீட்டியது. நீர் எங்கும் ஒரே அளவில் ஏறுவதில்லை என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்தேயிருந்தனர்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. கிண்ணியாவில் கரையோரம் நின்ற மருத்துவமனையையும் அது விட்டுவைக்கவில்லை. அடுத்த ஆண்டில் அரசு தடைவலயம் ஒன்றை அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். நோக்கம் நன்றே. ஆயினும் அளவுநாடா மேட்டையும் பள்ளத்தையும் அறியாது. கரைவலை இழுப்பவர் கடலைவிட்டு எங்கே செல்வார்? குடிசைக்குக் கடுமை, உல்லாச விடுதிக்குச் சலுகை என்ற முறைப்பாடும் எழுந்தது. ஏறத்தாழ ஓராண்டில் அத்தடை தளர்த்தப்பட்டது. விதி என்பது இன்று வரும், நாளை போகும் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்ற இது போதாதா?

நம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர், தங்கைக்காகப் பள்ளக்காணி ஒன்றை வாங்க எண்ணி நம் இல்லத்துக்கு வந்தார். “உறுதி சுத்தமாக இருக்கிறது, ஐயா, விலையும் குறைவு” என்றார். காணி யாருடையது என்பதையே உறுதி சொல்லும், நீர் எங்கே நிற்கும் என்பதைச் சொல்லாது என்று கூறி, அயலிலுள்ள மூதாட்டி ஒருவரிடம் விசாரிக்கச் சொன்னோம். மாரியில் கிணற்றுக்கட்டு மூழ்கும்வரை நீர் நிற்கும் என்றாராம் அவ்வம்மையார். இளைஞர் விலகிக்கொண்டார். ஆனால் சில நாளில் வேறொருவர் அக்காணியை வாங்கி மண் கொட்டி நிரப்பலானார். மண் கொட்டுவதால் நீர் மறைந்துவிடுமா? அது அயல்வீட்டு முற்றத்தை நாடும். அங்கேதான் அம்மூதாட்டி வாழ்கிறார்.

ஆதலின் ஒருவருடைய முன்னெச்சரிக்கை மட்டும் போதாது, விதியும் வேண்டும். அது வெள்ளம் வடிந்தபின் அவசரமாகப் பிறப்பதாயிராமல், காணி கைமாறுமுன்னரே யாவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். ஊர்தோறும் வெள்ளம் ஏறிய எல்லையைக் குறித்து, உள்ளூராட்சி மன்ற வாயிலில் எவரும் காண வைக்கலாம். விதி செல்வர்க்கும் வறியோர்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். நீரை நம்பிப் பிழைப்போருக்கு மேட்டில் வீடும் கரையில் தொழிலிடமும் தராமல், எழும்பு என்று மட்டும் சொல்வது நீதியாகாது.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் ஒரு பணி உண்டு. 1964 டிசம்பரில் திருக்கோணமலையைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட பெரியோர் சிலர் இன்னும் நம்மிடையே உளர். நம் தெருவில் நீர் எதுவரை ஏறியது, எவ்வழியே வடிந்தது என்று அவர்களைக் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்துக் கொப்பியில் எழுதிவையுங்கள். நாளை உங்கள் வீட்டார் காணி பார்க்கப் புறப்படும்போது, உறுதியோடு அக்கொப்பியும் உடன் செல்லட்டும்.