சங்கம் வைத்த கூத்தர்கள்

அதிகாலை ஐந்து மணிக்குச் செம்பரம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தால், எங்கள் ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது என்று புரிந்துவிடும். பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள் ஏறுவார்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆளுக்கொரு திசை. எதிர்ச்சாரியில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தள்ளாடி இறங்குவார்கள். ஏரிக்கரையில் பஜனைக் கோயிலும் அம்மன் கோயிலும் இருந்த காலத்து ஊர்க் கடிகாரம் வேறு. இப்போது ஓடுவது ஷிப்ட் கடிகாரம்.

நான் ஒரு குற்றவாளி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருத் திருவிழாக் கமிட்டியில் கூத்தா, பாட்டுக் கச்சேரியா என்று பேச்சு வந்தது. "விடிய விடிய யார் உட்கார்ந்து பார்ப்பது? காலையில் டியூட்டி" என்றார்கள். கச்சேரிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த உறுத்தல்தான் இந்தக் கோடையில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. அங்கே பாரதம் நடந்துகொண்டிருந்தது. பிற்பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. நான் போன அன்று 'பகடை துகில்', சூதாட்டமும் திரௌபதியின் துகிலுரிதலும் வரும் கூத்து.

இரவு எட்டரை மணிக்கே போய்விட்டேன். கூத்தைப் பார்ப்பதைவிட, அதைக் கட்டி எழுப்புகிறவர்களைப் பார்க்க ஆசை. மேடைக்குப் பின்னால் தென்னங்கீற்றும் தார்ப்பாயும் வைத்து மறைத்த கொட்டகை. நடுவில் ஒரு பல்பு. தகரப் பெட்டிகள் திறந்து கிடந்தன. ஆளுக்கொரு கைக்கண்ணாடி. அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பனைக்கென்று தனி ஆள் கிடையாது.

துரியோதனன் வேஷக்காரர் சிவப்புப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து உள்ளங்கையில் வைத்திருந்தார். நெற்றியிலிருந்து தாடைவரை சீராக இழுத்தார். பிறகு ஈர்க்குச்சியை வெள்ளையில் தோய்த்துக் கன்னத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். கை ஆடவில்லை. அந்த வரிசை முடிகிறவரை அவர் யாரிடமும் பேசவுமில்லை. அடுத்து உடம்பு. இடுப்பைச் சுற்றிப் பழைய புடவைகளை மடித்து மடித்துக் கட்டினார்கள். ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தார். "இன்னும் இறுக்குடா, நடுராத்திரியில அவிழ்ந்தா அசிங்கம்." "இதுக்கு மேல இறுக்குனா உனக்கு மூச்சு வராது அண்ணா."

அதன்பின் கட்டைச் சாமான்கள். கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கீர்த்தி, மார்புக்குப் பதக்கம். மேடையில் வெளிச்சம் பட்டால் ராஜாவின் நகை. பக்கத்தில் பார்த்தால் ஒரு கண்ணாடிச் சில்லு உதிர்ந்த இடத்தில் சாக்லேட் காகிதம் ஒட்டியிருக்கிறது. இந்தக் கட்டைச் சாமான்கள்தான் கட்டைக்கூத்து என்ற பெயருக்கும் காரணம்.

குழுவை நடத்தும் வாத்தியார் ஓரமாக ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் செல்போன். முகவீணைக்காரர் இன்னும் வந்து சேரவில்லை; எங்கோ பஸ் கிடைக்கவில்லையாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வேஷம் கட்டுறது ஒரு ராத்திரி வேலை சார். ஆள் கட்டுறதுதான் வருஷம் பூரா வேலை."

அவர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது. ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்துத் தேதியை முடிவு செய்வார்கள். வாத்தியாரோ சீசனுக்கு முன்பே நடிகர்களுக்கு முன்பணம் கொடுத்துக் குழுவில் சேர்த்திருப்பார். மழை வந்தாலும், ஊரில் சாவு விழுந்தாலும் அந்த ராத்திரி கூத்து இல்லை. முன்பணமோ போனது போனதுதான். வேன் வாடகை, வீட்டுக் கல்யாணக் கடன், நடிகர்களுக்குள் மனஸ்தாபம், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் வேஷத்துக்கு மாற்று ஆள், எல்லாம் அவர் தலையில். ஆகவே அவருக்கு எல்லா வேஷமும் பாடமாக இருந்தாக வேண்டும். மேனேஜர், நடிகர், ஆசிரியர், கடன்காரர், நான்கும் ஒரே ஆள்.

முன்பு இன்ன ஊரில் இன்ன குடும்பம்தான் கூத்தாட வேண்டும் என்ற மிராசு முறை இருந்தது. அது உரிமை, அதோடு கட்டாயமும்கூட. கூப்பிட்டால் போயாக வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். 'கூத்தாடி' என்ற சொல்லை நாம் வசைச்சொல்லாகவே வைத்திருப்பது சும்மா இல்லை. அந்த நிலையிலிருந்து தேதி, தொகை, முன்பணம் பேசி ஒப்பந்தம் போடும் தொழிலாகக் கூத்து மாறியது பெரிய காரியம்.

அந்தக் காரியத்தில் ஒரு முக்கியமான படி, இங்கிருந்து மேற்கே காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இருக்கிறது. 1990-ல் 17 கூத்துக் கலைஞர்கள் கூடிக் கட்டைக்கூத்து சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர் பெருங்கட்டூர் ராஜகோபால். அப்பா பொன்னுசாமி குழு நடத்தியவர். மகன் பத்து வயதில் பள்ளியை விட்டுவிட்டுக் குழுவில் சேர்ந்தார். நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்த ஹன்னே டி ப்ரூயின் அவருடைய வாழ்க்கைத் துணையானார். இந்தக் கலையைப் பற்றி ஹன்னே எழுதிய நூல் 1999-ல் வெளிவந்தது. ஒருவர் ஆட்டமும் பாட்டும் எழுத்தும் சொல்லித்தர, இன்னொருவர் காகிதமும் நிதியும் வெளி உலகமும் பார்த்துக்கொள்ள, லாப நோக்கமில்லாத ஒரு சிறு அமைப்பு முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

பெயர் பற்றியே ஒரு வழக்கு உண்டு. பலரும் சொல்லும் 'தெருக்கூத்து' என்ற பெயரில் உள்ள 'தெரு' கலையை மட்டம் தட்டுகிறது, கலைஞர்களின் வழக்கில் இது கட்டைக்கூத்து என்பது சங்கத்தின் கட்சி. புரிசை கிராமத்தில் கண்ணப்பத் தம்பிரானின் வழிவந்த கூத்துக் குழுவோ தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையாக வைத்திருக்கிறது. கொட்டகையில் கேட்டேன். "கூத்துன்னு சொல்லுங்க, போதும்" என்று ஒரு நடிகர் முடித்துவிட்டார்.

சங்கம் செய்ததில் என்னை அசைத்தது அதன் பள்ளிக்கூடம். ராத்திரி ஆடிவிட்டுப் பகலில் தூங்கும் பையனுக்குப் படிப்பு கிடையாது. ராஜகோபாலுக்கே அது நேர்ந்தது. அதனால் 2002-ல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். பாடப் புத்தகமும் அடவும் ஒரே இடத்தில். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பின்னாளில் கர்நாடக இசைப் பாடகர்கள் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோரோடு ஒரே மேடையில் 'கர்நாடிக் கட்டைக்கூத்து' நடந்தபோது, அதில் குருகுலத்துப் பெண்களும் ஆடினார்கள். சொந்தமாகக் குழு நடத்தும் பெண்ணும் அங்கிருந்து வந்திருக்கிறார். கல்யாணமானதும் மேடையை விட்டவர்களும் உண்டு. குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டு நடந்த பள்ளி. தோற்றது என்று சொல்ல எனக்கு மனமில்லை.

'சங்கம்' என்ற சொல்லை நம் பக்கத்தில் சொன்னால் இன்று நினைவுக்கு வருவது தொழிற்சங்கம்தான். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. நான் இவ்வளவு நாளும் கூத்தைக் கலை என்றும் கம்பெனியை வேலை என்றும் பிரித்தே வைத்திருந்தேன். கொட்டகையில் உட்கார்ந்தபோது அந்தக் கோடு அழிந்தது. பத்து மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும் கூத்தும் எட்டு மணி நேர நைட் ஷிப்ட்தான். பி.எஃப். கிடையாது, கேன்டீன் கிடையாது. அந்தப் 17 பேர் கலையை வளர்க்க மட்டும் கூடவில்லை. தாங்கள் தொழிலாளர்கள் என்று சொல்லவும் கூடினார்கள். மதுரையில் சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த கதையைப் பெருமையாகச் சொல்கிறோம். கூத்தாடிகள் சங்கம் வைத்த கதையையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

முகவீணைக்காரர் ஒருவழியாகப் பைக்கில் வந்து இறங்கினார். மத்தளம் முழங்கியது. கட்டியக்காரன் கூட்டத்தைச் சிரிக்க வைத்தான். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் திரையைப் பிடிக்க, பின்னாலிருந்து துரியோதனனின் குரல் முதலில் வந்தது, பிறகு கிரீடம், பிறகு முகம். திரை விலகியதும் அவர் கிறுகிறுவென்று சுற்றிய சுற்றில் கண்ணாடித் துண்டுகள் எல்லாம் ஒளியைச் சிதறடித்தன. உதிர்ந்த சில்லு இருந்த இடம் எது என்று தேடினேன்; தெரியவில்லை.

மூன்று மணிக்குத் துகில். துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டார். முன்வரிசைக் கிழவிகள் எழுந்து கைகூப்பினார்கள். பின்வரிசையில் சீருடை போட்ட பையன்கள் நாலைந்து பேர், செகண்ட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள், நின்றபடியே பார்த்தார்கள். "யார் பார்ப்பது" என்று அன்றைக்குக் கமிட்டியில் கேட்ட கேள்விக்கு அவர்கள்தான் பதில்.

விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். தேங்காய் எண்ணெயைத் தடவித் துணியால் துடைக்க, துரியோதனன் போய் நாற்பது வயது மனிதர் ஒருவர் வெளியே வந்தார். திரௌபதியாக ஆடிய பெண் நாலு வீடு தள்ளிப் போய் உடை மாற்றி வந்தார். கொட்டகையில் அதற்கு வசதி இல்லை. வாத்தியார் கமிட்டியிடம் மீதிப் பணத்துக்குக் காத்திருந்தார். அன்றிரவு வேறொரு ஊரில் ஆட்டம்.

அடுத்த திருவிழாவுக்கு எங்கள் கமிட்டியில் நான் கை தூக்கப்போவது கூத்துக்கு. உங்கள் ஊரிலும் பேச்சு வந்தால் நாலு விஷயம் சேர்த்துப் பேசுங்கள். தேதிக்கு முன்பணம், கொட்டகைக்கு நல்ல விளக்கு, பெண்களுக்குக் கதவுள்ள அறையும் கழிப்பறையும், ஆட்டம் முடிந்தவுடன் முழுப் பணம். அவர்களைக் கௌரவிக்கப் பொன்னாடை வேண்டாம், இவை போதும்.